அழாத குழந்தைகளும் ஏழு டோக்கனும்

7.7.2003, திங்கள்

வெயில் இல்லை, மழையும் இல்லை. காற்று மட்டும். ஆடி பிறக்க இன்னும் பத்து நாள், அதற்குள் மில் வாசல் வேப்பமரம் பேயாட்டம் போடுகிறது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணில் மண்.

மில் குழந்தைகள் காப்பகத்துக்கு டிவி வந்துவிட்டது. பெரிய பெட்டி. கூடவே ஒரு பிளேயர், ஐந்து சிடி. முதலாளியின் மருமகள் காரில் கொண்டுவந்து இறக்கினார். மில்லில் எல்லோருக்கும் அவர் சின்னம்மா. என்னைவிட ஆறேழு வயது சின்னவர். கோயம்புத்தூர்க்காரர், பேச்சில் சர்க்கரை.

"இது வெளிநாட்டுல குழந்தைங்களுக்குன்னே எடுத்ததுங்க. வயலின், பியானோ எல்லாம் வருமுங்க. சின்னதுல கேட்டா மூளை நல்லா வளருமாம். காலைல ரெண்டு மணி நேரம், மத்தியானம் ரெண்டு மணி நேரம் போடுங்க, சரிங்களா டீச்சர்?"

டீச்சர் என்றார்! ஆயாம்மா என்று சொல்லவில்லை. மேனேஜர் (இனி மே., முழுசாக எழுதக் கை வலிக்கிறது) பக்கத்தில்தான் நின்றார். கேட்டிருப்பார். கேட்கட்டும்.

நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி பிள்ளையை விட வந்தாள். அவளுக்கு டோக்கன் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். உன் பிள்ளை பேருக்கு ஒரு பித்தளை டோக்கன், கதவோரம் ஆணியில் தொங்கும். பிள்ளை அழுதால் என்னோடு வேலை பார்க்கும் செல்லம்மாக்கா அதை எடுத்துக்கொண்டு மெஷின் ஷெட்டுக்கு வரும். சூப்பர்வைசர் பரமசிவம் கையில் கொடுக்கும். அவர் உன்னை விடுவார். வந்து பால் கொடுத்துவிட்டு டோக்கனோடு திரும்பிப் போ.

"அழுகாட்டி?" என்றாள்.

"அழுகாத பிள்ளை எங்கடி இருக்கு?" என்றேன்.

மொத்தம் பதினொரு பிள்ளைகள். பால்குடி ஏழு. இன்றைக்கு மட்டும் செல்லம்மாக்கா பதினாறு நடை.

8.7, செவ்வாய்

போட்டுவிட்டேன் சிடியை.

முதலில் கறுப்புத் திரை. பிறகு ஒரு சிவப்புப் பந்து, மெதுவாக உருளுகிறது. வயலின். அப்புறம் ஒரு மரக்குதிரை, தண்ணீர்ச் சொட்டு, சுற்றும் பம்பரம், துணியில் செய்த வாத்து. மனிதர் யாருமே இல்லை. பேச்சும் இல்லை.

செல்லம்மாக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தது. "இதென்ன டீச்சர், வாயில்லாத பாட்டு? நாலு சினிமாப் பாட்டப் போட்டா நம்மளும் கேப்போம்ல."

ஆனால் பிள்ளைகள்! பாண்டியம்மா மகன் கார்த்தி, ஐந்தரை மாசம், தொட்டிலில் போட்டால் வீல் என்று கத்துகிறவன், வாயைத் திறந்தபடி அப்படியே கிடந்தான். ரோஸ்லின் மகள், யார் தூக்கினாலும் முடியைப் பிடித்து இழுக்கும், கையை மடியில் வைத்துக்கொண்டு சாமி கும்பிடுவதுபோல உட்கார்ந்திருந்தது.

எனக்கும் பிடித்துப்போனது. மாதா கோயிலில் பாட்டுக் குழுவில் பதினைந்து வருசமாகப் பாடுகிறேன், கீ-போர்டு சத்தம் பழக்கம்தான். இது வேறு. ஒரு வயலின் கேள்வி கேட்கிறது, இன்னொன்று பதில் சொல்லாமல் நழுவுகிறது. எவனோ ஜெர்மனிக்காரன் எழுதியதாம். எந்த ஊராக இருந்தால் என்ன, மனசை ஒரு நிமிடம் உட்கார வைத்துவிட்டான். என் மனசு உட்கார்ந்து எத்தனை நாள்.

இன்று நடை: ஒன்பது.

9.7, புதன்

செய்ய வேண்டியது:
நாப்கின் துணி கேட்க வேண்டும் (மூன்றாவது தடவை).
தராசு முள் ஆடுகிறது, ஆளை வரச் சொல்ல.
அண்ணிக்குத் தைலம்.
வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு புதுப்பிக்க. பதினோராவது வருசம். ஆசிரியர் பயிற்சி முடித்தபோது என் சடை இடுப்புக்குக் கீழே தொங்கியது, இப்போது தோளோடு நிற்கிறது. ஆர்டர் மட்டும் வரவில்லை.

சிடிக்களுக்கு நானே பேர் வைத்துவிட்டேன். பந்துப் பாட்டு, வாத்துப் பாட்டு, சொட்டுப் பாட்டு, பம்பரம், தூக்கம். கடைசியைப் போட்டால் பதினொன்றும் சாய்ந்துவிடுகிறது, பன்னிரண்டாவதாக நானும்.

நடை: நான்கு. செல்லம்மாக்காவுக்குச் சந்தோஷம். "முட்டி வலி பாதி போச்சு."

10.7, வியாழன்

மே. வந்தார். கதவோரம் நின்று எட்டிப் பார்த்தார். பதினொரு தலை, ஒரு சத்தம் இல்லை, வயலின் மட்டும். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது இந்த மூன்று வருசத்தில் இதுதான் முதல் தடவை.

"என்னம்மா பிலோமினா, மந்திரம் எதும் போட்டீகளா? இங்க வந்தா காது கிழியும், இப்ப கோயில் மாதிரில்ல இருக்கு!"

பிறகு தானாகவே சொன்னார். விஜயதசமிக்கு மில் சார்பில் நர்சரி பள்ளிக்கூடம் ஆரம்பிக்கிறார்களாம், ஸ்டாஃப் வீட்டுப் பிள்ளைகளுக்கு. இங்கிலீஷ் மீடியம். "உங்களத்தான் நெனச்சிருக்கேன். சின்னம்மாட்டயும் சொல்லிட்டேன்."

மிஸ்! பிலோமினா மிஸ். சேலைக்கு மேல் ஏப்ரன் இல்லாமல், கையில் மூத்திர வாடை இல்லாமல், கரும்பலகைக்கு முன்னால்.

பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. கால் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. பம்பரப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

நடை: ஒன்று.

12.7, சனி

எடை போடும் நாள். தராசு இன்னும் ஆடுகிறது. கார்த்தி 6 கிலோ 100. போன சனியும் அதுதான். மற்றதுகளும் ஏறவில்லை. முள் கோளாறாக இருக்கும் என்று எழுதிவைத்தேன்.

நடை இல்லை. ஒன்றுகூட. மே.யிடம் பெருமையாகச் சொன்னேன்.

14.7, திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டு மணி. பாண்டியம்மா ஓடி வந்தாள். அகரத்தில் வாக்கப்பட்டவள், பிறந்தது குஜிலியம்பாறைப் பக்கம். மூன்று வருசமாக மழை இல்லை, காட்டில் வேலை இல்லை, மில்லுக்கு வந்துவிட்டாள். மாமியாரும் புருசனும் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில். தலையெல்லாம் பஞ்சு. ஜாக்கெட் முன்பக்கம் முழுக்க ஈரம், முந்தானையை இழுத்து இழுத்து மூடுகிறாள்.

உட்கார்ந்தாள், கார்த்தியை எடுத்தாள், அவன் வாயை வைத்ததும் "யாத்தே!" என்று பல்லைக் கடித்தாள். கண்ணில் தண்ணீர்.

"என்னடி?"

"பால் கட்டிக்கிச்சு டீச்சர். கல்லாட்டம் கெடக்கு. காலைலருந்து ஒருவாட்டிகூட வரலைல்ல." பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "அந்தப் பரமசிவம் டோக்கன வாங்கி அமுக்கி வச்சுக்கிறாரோ என்னமோ. நீங்க அனுப்பத்தான செய்வீங்க. அவர்ட்ட செத்த நேரம் பேசிப் பாருங்களேன்."



நான்தானே அனுப்பவில்லை. பிள்ளை அழவில்லை, டோக்கன் போகவில்லை. ஏழு நாளாக ஏழு பிள்ளைகளும் வயலின் கேட்டுக்கொண்டு பசியை மறந்து கிடக்கின்றன. ஏழு பேர் ஷெட்டுக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி அறுந்த நூலை முடிந்துகொண்டிருக்கிறார்கள். நான் இங்கே நடை குறைந்தது, நடை குறைந்தது என்று எழுதி வைத்திருக்கிறேன். அடி பாதகத்தி பிலோமி!

அவளிடம் என்ன சொன்னேன்? "சரி, கேக்குறேன்" என்றேன். பரமசிவத்தின் தலையில் போட்டுவிட்டேன்.

15.7, செவ்வாய்

பத்து மணி அடித்ததும் ஏழு டோக்கனையும் செல்லம்மாக்கா கையில் கொடுத்து அனுப்பினேன்.

பாண்டியம்மாவும் ரோஸ்லினும் முதலில் வந்தார்கள். பின்னாலேயே பரமசிவம். உள்ளே எட்டிப் பார்த்தார். வாத்துப் பாட்டு ஓடுகிறது. பிள்ளைகள் சிலை.

"எந்தப் புள்ள அழுகுது?"

"எல்லாத்துக்கும் பசி நேரம் வந்துருச்சு சார்."

"நேரம் வந்துச்சான்னு கேக்கல. எது அழுகுதுன்னு கேட்டேன். ஏழு பேரு ஒண்ணா வந்துட்டா அங்க மெஷின் சைடு பாக்குறது யாரு, நீயா? நூலு அறுந்து அறுந்து கெடக்கு. ஏ பாண்டியம்மா, புள்ள சிரிச்சிக்கிட்டு கெடக்கான், நட."

அவள் போனாள். இரண்டு நிமிடம்கூட இல்லை. கார்த்தி தாயைத் திரும்பிப் பார்க்கவில்லை, வாத்தையே பார்த்தான். அதை அவளும் பார்த்தாள்.

16.7, புதன்

மே. கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார், அதுவே கெட்ட சகுனம்.

"ஏம்மா, நல்லாத்தான போய்க்கிட்டு இருந்துச்சு? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. அழுதா டோக்கன். அழுகலைன்னா புள்ளைக்குப் பசி இல்லைன்னுதான அர்த்தம்?"

"இல்ல சார், டிவி பார்க்குறப்ப அதுகளுக்குப் பசி தெரியல."

"நமக்கும் அப்படித்தான். நல்ல படம் பார்த்தா யாரு சோத்த நெனைக்கிறா?" என்று சிரித்தார். பிறகு குரலை இறக்கினார். இருபத்தைந்தாம் தேதி நூல் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள், சின்னம்மா கூட்டி வருகிறார், முதலில் காட்டப்போவது காப்பகம்தான். "அன்னைக்கு நீங்கதான் ஹீரோயின். நர்சரி விசயத்தையும் அன்னைக்கே முடிச்சிருவோம்."

தலையாட்டினேன். பூம்பூம் மாடு தோற்றது.

17.7, வியாழன். ஆடி ஒன்று

காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் ஷெட் கூரை மேல்.

இன்று செய்ததை எழுதினால் அழிக்க முடியாது. எழுதுகிறேன்.

பத்தரைக்கு, செல்லம்மாக்கா துணி பொறுக்கப் போனபோது, கார்த்தியின் தொடையில் கிள்ளினேன். அழ வேண்டும் என்று. அழுதால் டோக்கன் அனுப்பலாம், பரமசிவம் வந்து பார்த்தாலும் அழுகை இருக்கும்.

ஒரு வீறல். உதடு பிதுங்கியது. அதற்குள் பம்பரம் சுற்ற ஆரம்பித்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அங்கே திரும்பிவிட்டான். கண்ணீர் கன்னத்தில், கண் டிவியில்.

தொடையில் சிவப்பாக என் நகம். தேங்காய் எண்ணெய் தடவினேன். தடவும்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறான், சனியன்.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணி, "ஒடம்புக்கு முடியலையா பிலோமி?" என்றார். தைலம் வாங்க மறந்ததை வைத்துத் தப்பித்தேன்.

19.7, சனி

தராசுக்காரர் வந்து முள்ளைச் சரிசெய்துவிட்டார். தராசில் கோளாறு இல்லை, லேசான ஆட்டம்தான் என்றார்.

கார்த்தி 5 கிலோ 900.
ரோஸ்லின் மகள் 100 கிராம் குறைவு.
மற்ற ஐந்தில் மூன்று குறைவு, இரண்டு அப்படியே.

பாண்டியம்மா டிபன் பாக்ஸைத் திறந்தாள், கருவாட்டு வாடை. பால்சுறா. கூடவே உரித்த பூண்டு ஒரு கைப்பிடி, பச்சையாகக் கடிக்கிறாள். பால் ஊற என்னென்ன உண்டோ எல்லாம் செய்கிறாள். சோற்றைவிட வெஞ்சனம் அதிகம்.

"வலி எப்படி இருக்கு?" என்றேன்.

"வலி போயிருச்சு டீச்சர்." கொஞ்ச நேரம் மென்றாள். "அதான் பயமா இருக்கு."

புட்டிப் பால் கொடுக்கலாமே என்று ரோஸ்லின் சொன்னாள். மாவுப்பால் டப்பா விலையைச் சொல்லி பாண்டியம்மா சிரித்தாள். சிரிப்பா அது.

20.7, ஞாயிறு

பூசை. பாட்டுக் குழுவில் நின்றேன். சர்வேசுரா என்று வாய் பாடுகிறது, தலைக்குள் வாத்துப் பாட்டு. கோபம் வந்தது. எவ்வளவு நல்ல பாட்டு அது! அதன் மேல் என்ன குற்றம்? கேட்டு முடித்துவிட்டு பால் குடித்தால் யார் வேண்டாம் என்றது? பாட்டையும் பசியையும் ஒரே நேரத்தில் போட்டவள் நான்.

அண்ணி கோயில் வாசலில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார், "எங்க பிலோமிக்கு நர்சரில மிஸ் வேல ஆகப்போகுது." எல்லோரும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஓடிவந்துவிட்டேன். திண்டுக்கல் மலைக்கோட்டைப் பக்கம் வெயிலில் சும்மா ஒரு சுற்று. செருப்பு வார் அறுந்தது.

21.7, திங்கள்

டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஓடவில்லை என்றேன். கால்மணி நேரத்தில் ஏழும் அழ ஆரம்பித்தன. டோக்கன் போனது, தாய்கள் வந்தார்கள். ஆகா, ஒருநாள் கிடைத்தது என்று நினைத்தேன்.

பதினொன்றுக்கு மே. எலக்ட்ரீஷியனோடு வந்துவிட்டார். மில்லில் கரண்ட் போகாது, ஜெனரேட்டர் இருக்கிறது, அந்தச் சாக்கும் இல்லை. எலக்ட்ரீஷியன் பிளக்கைச் சொருகினார். படம் வந்தது. அவர் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மே. சொன்னார்.

"பிலோமினாம்மா, விளையாட்டு வேணாம். ஆயா வேலைக்கு வெளிய அம்பது பேரு நிக்கிறாக."

பயம் பாதி, ஆத்திரம் பாதி.

23.7, புதன்

இரண்டு நாளாக நல்ல பிள்ளையாக இருக்கிறேன். சிடி ஓடுகிறது. நடை: இல்லை, இல்லை.

காப்பகத்துக்குப் புதுப் பாய், புதுத் திரைச்சீலை, சுவரில் யானை படம். எனக்குப் புதுச் சேலை, ரோஸ் நிறம், மில் செலவு. இருபத்தைந்தாம் தேதிக்கு.

கார்த்தியின் கன்னம் ஒட்டிவிட்டது. செல்லம்மாக்கா பார்த்துவிட்டு, "புள்ள டிவி பாத்தே வளந்துருவான்போல" என்றது. கேலியா, குத்தலா தெரியவில்லை. அதன் முகத்தை நான் பார்க்கவில்லை.

24.7, வியாழன்

யோசித்து யோசித்துத் தலை வெடிக்கிறது. இந்த வேலை போனால் அண்ணன் வீட்டில் சும்மா உட்கார்ந்து தின்ன வேண்டும். நர்சரி கிடைத்தால் ஆயுசுக்கும் மிஸ். ஒருநாள், ஒரே ஒருநாள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அப்புறம் மிஸ் ஆனபிறகு சின்னம்மாவிடம் மெதுவாக எடுத்துச் சொல்லலாம்.

அப்புறம் என்றால் எப்போது? விஜயதசமிக்கு இன்னும் இரண்டு மாசத்துக்கு மேல் இருக்கிறது. பால் அதுவரை காத்திருக்குமா, லூசு.

25.7, வெள்ளி

பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. மறக்கும் முன்னால்.

பத்து மணிக்கு வந்தார்கள். வெள்ளைக்காரர் இருவர், மே., பரமசிவம், கேமராக்காரர், முன்னால் சின்னம்மா. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். பந்துப் பாட்டு. பதினொரு பிள்ளைகள், புதுச் சட்டை, சத்தமே இல்லை. வெள்ளைக்காரர் ஒருவர் நெஞ்சில் கை வைத்து ஏதோ சொன்னார். மே. எனக்குக் கண்ணைக் காட்டினார், சிரி என்று.

கார்த்தி வலது கைப் பெருவிரலைச் சப்பிக்கொண்டே பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சப்பிச் சப்பி விரல் வெள்ளையாக ஊறிப்போயிருந்தது.

எழுந்து போய் பொத்தானை அமுக்கினேன். சிடி வெளியே வந்தது. எடுத்து, ஊறப்போட்ட நாப்கின் வாளிக்குள் போட்டேன்.

முதலில் ரோஸ்லின் மகள். அடுத்து கார்த்தி. பிறகு யார் யார் என்று தெரியவில்லை, ஏழும், அதைப் பார்த்துவிட்டு நடக்கிற பிள்ளைகள் நாலும். கூரைத் தகடு அதிர்ந்தது. வெள்ளைக்காரர் ஒரு எட்டு பின்னால் போனார்.

ஆணியிலிருந்து ஏழு டோக்கனையும் உருவினேன். "அக்கா, ஓடு!" செல்லம்மாக்கா ஓடியது! முட்டி வலிக்காரி! மே.யை இடித்துக்கொண்டு.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் மே., பல்லுக்குள்.

"புள்ளைக அழுகுது சார். அழுதா டோக்கன். முறை."

ஆட்களை வைத்துக்கொண்டு பரமசிவம் என்ன சொல்வார்?

வந்தார்கள், ஏழு பேரும், தலையில் பஞ்சோடு, மூச்சு வாங்க. யாரையும் பார்க்கவில்லை. அவரவர் பிள்ளையை வாரியெடுத்து, புதுப் பாயில் வரிசையாக உட்கார்ந்து, முந்தானையை விலக்கினார்கள். ஆம்பளைகள் ஒருவர்கூட நிற்கவில்லை. வெள்ளைக்காரர்கள், மே., பரமசிவம், கேமராக்காரர், செருப்பைக்கூட மாட்டாமல் கையில் தூக்கிக்கொண்டு வெளியே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை.

சின்னம்மா மட்டும் நின்றார். அழுகை ஒவ்வொன்றாக அடங்கி, உறிஞ்சும் சத்தம் மட்டும். கார்த்தி மட்டும் வாயை எடுத்து எடுத்து அழுதான். வரவில்லை அவனுக்கு.

"ஏனுங்க டீச்சர், எதுக்குங்க நிறுத்துனீங்க?" கோபம் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

சொன்னேன். அழுதால்தான் விடுவார்கள், சிடி ஓடினால் அழாது, அழாததால் விடுவதில்லை, இரண்டு வாரமாக எடை ஏறவில்லை, இறங்குகிறது. சனிக்கிழமை எடை நோட்டை எடுத்துக் காட்டினேன்.

அவர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு, "என்ற பையனுக்கும் இதையேதாங்க போட்டு உட்டுட்டு வர்றேன். அவன் அழுகறதே இல்லீங்கன்னு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிட்டிருந்தேன்" என்றார். பையனுக்கு எட்டு மாசமாம்.

போகும்போது நோட்டைக் கையோடு எடுத்துப் போனார்.

26.7, சனி

கேட்டில் வாட்ச்மேன் தடுப்பார் என்று நினைத்தேன். தடுக்கவில்லை.

அறிவிப்புப் பலகையில் மே. கையெழுத்து: காலை 10, மதியம் 2.30, பால் நேரம், குழந்தை அழுதாலும் அழாவிட்டாலும். மணி அடிக்கும். சிடி பிற்பகல் மூன்றரைக்கு மேல் அரை மணி நேரம் மட்டும்.

மே. என்னை நிற்க வைத்தே பேசினார். நர்சரிக்குத் திண்டுக்கல்லில் வேறு ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டார்களாம். "ஒங்களுக்கு இந்த வேலதான் சரி. அதுவும் சின்னம்மா சொன்னதுனால."

வலித்தது. பொய் சொல்வானேன், ரொம்ப வலித்தது. ரோஸ் சேலையை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன், வேண்டாம் என்றார்கள்.

கார்த்தி 5 கிலோ 850. பாண்டியம்மாவுக்கு வலப்பக்கம் சுத்தமாக வற்றிவிட்டது. இடப்பக்கம் கொஞ்சம் வருகிறது. புட்டிப் பால் ஒருவேளை, தாய்ப்பால் நாலுவேளை என்று அவள் ஊர் நர்ஸம்மா சொல்லியிருக்கிறார்.

மூன்றரைக்கு சொட்டுப் பாட்டு போட்டேன். வாளியில் விழுந்த சிடி தவிர மற்றது ஓடுகிறது. வயிறு நிறைந்த பிள்ளைகள் பாதி பார்த்தன, பாதி தூங்கிவிட்டன. ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு பாயைக் கடித்தது.

28.7, திங்கள்

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நானும் பாண்டியம்மாவும் மட்டும். கார்த்தி அவள் தோளில். பையிலிருந்து ஒரு முழம் கதம்பம் எடுத்து என் கையில் திணித்தாள்.

"நீங்க இல்லாட்டி எம்புள்ள கெதி என்னாகியிருக்கும் டீச்சர்."

அந்தப் பூவை வாங்க முடியவில்லை. இரண்டு வாரமாகத் தொண்டையில் கிடந்தது, சொல்லிவிட்டேன். பரமசிவம் டோக்கன அமுக்கலை. மொதல் வாரம் முழுக்க நான்தான் அனுப்பலை. அழுகலைன்னு விட்டுட்டேன். நீ பரமசிவத்தச் சொன்னப்ப, வாயைத் தொறக்காம இருந்துட்டேன். உனக்குப் பால் வத்துனது என்னாலதான்.

பாண்டியம்மா பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

"தெரியும் டீச்சர்."

"தெரியுமா?"

"கக்கூசுக்குப் போறப்ப வாறப்ப உங்க கதவத் தாண்டித்தான போவோம். ஏழு டோக்கனும் ஆணியில தொங்குறது தெரியாதாக்கும். எல்லாருக்கும்தான் தெரியும்."

"பெறகு ஏண்டி என்ட்ட நேரா கேக்கல? மொத நாளே கேட்டிருந்தா..."

அகரம் பஸ் வளைவில் திரும்பியது. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னாள்:

"நீங்க கோவிச்சுக்கிட்டா என்ன செய்ய டீச்சர்? நாள் பூரா புள்ள உங்க கையிலல்ல கெடக்கு."